ஒரு மார்க்கில் போன கிரேடு: ஆசிரியரிடம் எதை, எப்போது, எப்படிக் கேட்பது

ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் எந்த இன்ஜினியரிங் கல்லூரி ஸ்டாஃப் ரூமுக்குப் போனாலும் வாசலில் நாலைந்து பேர் நிற்பார்கள். "சார், 70 வந்திருக்குதுங்க. ஒரே ஒரு மார்க் போட்டு உட்டீங்கன்னா ஏ கிரேடு ஆயிருமுங்க." கேட்கத் துணிந்தது நல்லதுதான். ஆனால் பெரும்பாலும் அந்த மார்க்கை மாற்ற முடியாத ஒருவரிடம், மாற்ற முடியாத நாளில் வந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நான் ஈரோட்டுக்கும் கோவைக்கும் நடுவில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அதற்கு முன் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் இருந்தேன். இதை முக்கியமாக, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்காக எழுதுகிறேன். அப்பா தறி ஓட்டுகிறார், அம்மா பனியன் கம்பெனிக்குப் போகிறார் என்றால் "சார்கிட்ட இப்படிக் கேளு கண்ணு" என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இருக்காது. அண்ணனும் அக்காவும் படித்த வீட்டுப் பிள்ளைகள் விடைத்தாளின் போட்டோகாப்பி, ரீவேல்யூவேஷன் (மறுமதிப்பீடு) என்று வரிசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். இவர்களோ நியாயமாக வரவேண்டிய மார்க்கைக் கூடக் கேட்காமல் ஊருக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு மனம் ஆறுவதில்லை.

நான் சொல்லப்போவதன் சாரம் இவ்வளவுதான்: மார்க் போடச் சொல்லிக் கேட்காதீர்கள், தாளை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதையும் மார்க் பூட்டப்படுவதற்கு முன் கேளுங்கள். மீதி எல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

மார்க் யார் கையில் இருக்கிறது

உங்கள் கல்லூரி பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியா, தன்னாட்சிக் கல்லூரியா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பல மாணவர்களுக்குக் கடைசி வருடம் வரை இது தெளிவாகத் தெரிவதில்லை.

இணைப்புக் கல்லூரி என்றால் செமஸ்டர் தேர்வுத் தாள் உங்கள் ஆசிரியர் கைக்கு வருவதே இல்லை. பதிவெண்ணை மறைத்து வேறொரு எண் போட்டு, திருத்தும் முகாமில் யாரோ ஒருவர் திருத்துகிறார். அது யார் என்று உங்களுக்கும் தெரியாது, உங்கள் ஆசிரியருக்கும் தெரியாது. ரிசல்ட்டுக்குப் பிறகு அவரிடம் போய் மார்க் கேட்டால் அவரால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. அதைக் கடைசியில் சொல்கிறேன், அது பெரிய உதவி.

இன்டர்னல், அதாவது செமஸ்டர் நடுவில் வைக்கும் தேர்வுக்கும் அசைன்மென்டுக்கும் கல்லூரியிலேயே போடும் மார்க், மட்டும் அவர் கையில் இருக்கிறது. அதுவும் போர்ட்டலில் ஏற்றிப் பூட்டும் நாள் வரைதான்.

தன்னாட்சிக் கல்லூரியில் தேர்வை நடத்துவதும் ரிசல்ட் போடுவதும் கல்லூரியே. ஆனால் அதனால் ஆசிரியருக்கு முழு அதிகாரம் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மார்க் துறைத்தலைவர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போகும். பிறகு ரிசல்ட்டை முடிவு செய்யும் குழு கூடும். ஒரு பாடத்தில் எல்லோருக்கும் மார்க் அடிபட்டிருந்தால் கூட்டிக்கொடுப்பதா என்று பேசுவதெல்லாம் அந்தக் குழுவில்தான். குழு கையெழுத்துப் போட்ட பிறகு தனி ஆசிரியர் யாருக்கும் ஒரு மார்க்கைக் கூடத் தொட முடியாது. சில நிறுவனங்களில் வகுப்பின் சராசரியை வைத்து கிரேடு எல்லைகளைப் போடுகிறார்கள். அங்கே எல்லை எங்கே விழுந்தது என்பதே பிறகுதான் தெரியும். ஒருவரை மேலே தூக்க வேண்டுமானால் எல்லைக்கோட்டையே நகர்த்த வேண்டும்.

வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கு இந்தத் தலைவலி பாதி குறைவு. அங்கே மார்க்கைப் பத்தால் வகுத்ததே கிரேடு பாயிண்ட். 79 வாங்கியவருக்கு 7.9, 80 வாங்கியவருக்கு 8.0. ஒரு மார்க்கில் ஒரு முழுப் படி சரிவதில்லை. பாஸ் எல்லையில் மட்டும்தான் ஒரு மார்க் உயிராகிறது.

கேட்பதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள்

ஒரு கிரேடு ஏறினால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? இதைக் கணக்குப் போடாமலே பலர் அழுது தீர்க்கிறார்கள்.

நான்கு வருடத்துக்கும் சேர்த்து 160 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றில் பி பிளஸ் இருந்த இடத்தில் ஏ வந்தால், கிரெடிட்டுக்கு ஒன்று வீதம் கூடுவது மூன்று பாயிண்ட். 160ஆல் வகுத்தால் 0.019 கூட இல்லை. சிஜிபிஏ, அதாவது எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்த கிரேடு பாயிண்ட் சராசரி, 7.62 என்பது 7.64 ஆகும். இதை எந்தக் கம்பெனியும் கவனிக்கப் போவதில்லை. அந்த ஒரு வாரத்தை அடுத்த செமஸ்டர் பாடத்துக்குக் கொடுத்தால் இதைவிட அதிகம் ஏறும்.

ஆனால் கோட்டின் மேலேயே நிற்பவர்களுக்குக் கதை வேறு. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி டிஸ்டிங்ஷனுடன் முதல் வகுப்பு வாங்க மற்ற நிபந்தனைகளோடு சிஜிபிஏ 8.50 வேண்டும். ஒருவருக்கு மொத்தம் 1358 பாயிண்ட் இருந்தால் 8.4875. ஒரே ஒரு மூன்று கிரெடிட் பாடத்தில் ஒரு படி ஏறினால் 1361, அதாவது 8.506. இந்த மாணவர் கேட்டே ஆக வேண்டும். அதே மாதிரி, ஐந்தாம் செமஸ்டர் முடிவில் பிளேஸ்மென்ட் வரம்பு 7.0 என்றிருக்க 6.98இல் நிற்பவர். அப்புறம், எல்லோரையும் விட முக்கியமாக, பாஸுக்கு ஒன்றிரண்டு மார்க்கில் விழுந்தவர். ஒரு அரியர் கிரேடு ஷீட்டில் மட்டும் நிற்பதில்லை. கேம்பஸ் இன்டர்வியூ படிவத்தில் "அரியர் உண்டா" என்ற கட்டத்திலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சரி, எத்தனை மார்க் தேவை? இங்கேதான் விதிப்புத்தகத்தைத் திறக்க வேண்டும். நீங்கள் சேர்ந்த ஆண்டின் ரெகுலேஷன்தான் உங்களுக்கு, சீனியருடையது வேறாக இருக்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனை எடுத்துக்கொள்கிறேன். அதில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. வகுப்பின் சராசரியைப் பார்க்காமல் மார்க்கை வைத்து நேராக கிரேடு போட்டால் 91 முதல் ஓ, 81 முதல் ஏ பிளஸ், 71 முதல் ஏ, 61 முதல் பி பிளஸ், 56 முதல் பி, 50 முதல் சி.

இன்டர்னல் 40 எங்கிருந்து வருகிறது? இரண்டு மதிப்பீடு, ஒவ்வொன்றும் 100. அந்த நூறில் எழுத்துத் தேர்வு 60, அசைன்மென்ட், செமினார், மினி புராஜெக்ட் போன்றவை 40. இரண்டும் சேர்ந்த 200ஐ 40 ஆக்குகிறார்கள். அப்படியானால் அசைன்மென்டில் ஒரு மார்க் கூடினால் கடைசியில் கூடுவது 0.2. எழுத்துத் தேர்வை 100க்கு வைத்து 60 ஆகக் குறைக்கும் கல்லூரி என்றால், தேர்வுத் தாளில் கூடும் ஒரு மார்க் கடைசியில் 0.12 மட்டுமே. ஆறு மார்க் கேள்வி ஒன்று முழுவதும் திருத்தாமல் விடுபட்டிருந்தாலும் 0.72தான். "ரெண்டு மார்க் போடுங்க சார்" என்று கேட்பவர் உண்மையில் எவ்வளவு பெரிய மாற்றத்தைக் கேட்கிறார் என்பது இப்போது புரியும்.

செமஸ்டர் தாளில் ஒரு மார்க்கின் எடை இதைவிட அதிகம். 100க்கு எழுதி 60 ஆவதால் ஒரு மார்க் 0.6. இன்டர்னல் 33, செமஸ்டர் தேர்வில் 62 வாங்கியவருக்கு 33 + 37.2 = 70.2. தாளில் ஒரு மார்க் கூடினால் 70.8, இரண்டு கூடினால் 71.4. இந்தப் புள்ளிகளை முழு எண்ணாக்கும் விதி உங்கள் கல்லூரியில் என்ன என்று தேர்வு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் மென்பொருளே அதைச் செய்துவிடும். ஏற்கெனவே மேலே தூக்கப்பட்ட மார்க்கை மறுபடி தூக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாதல்லவா.

ஒரு பொறி இருக்கிறது. பாஸாக மொத்தத்தில் 50 இருந்தால் போதாது, செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். இன்டர்னல் 36 இருக்கிறது, செமஸ்டர் தாளில் 44 என்றால் மொத்தம் 62.4. ஆனாலும் ஃபெயில். இந்த நிலையில் இன்டர்னல் போட்ட ஆசிரியரிடம் போய் நின்று பலனே இல்லை. 40க்கு 40 கொடுத்தாலும் ரிசல்ட் மாறாது. உங்கள் வழி செமஸ்டர் தாளுக்குள் மட்டும்தான் இருக்கிறது. பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கலைக் கல்லூரிகளில் இளநிலைக்குப் பாஸ் மார்க் 40. அங்கும் செமஸ்டர் தேர்வுக்குத் தனி வரம்பு உண்டா என்று உங்கள் பாடத்திட்டப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாளை ஒரு ஆசிரியர் பார்ப்பது போல் பாருங்கள்

இதுதான் இருப்பதிலேயே முக்கியமான வேலை, மாணவர்கள் செய்யாமல் விடும் வேலையும் இதுதான். தேர்வுத் தாளை வகுப்பில் திருப்பிக் கொடுத்தால் முதல் பக்கத்து மார்க்கை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்து பெஞ்ச்காரனோடு ஒப்பிடுவார்கள். பத்து நிமிடத்தில் தாள் திரும்பப் போய்விடும், "சரிபார்த்தேன்" என்று கையெழுத்தும் போட்டிருப்பார்கள்.

நீங்கள் முதல் பக்கத்தைக் கடைசியாகப் பாருங்கள். உள்ளே போய்ப் பக்கம் பக்கமாகத் திருப்புங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மைக் குறி ஏதாவது இருக்கிறதா? ஒரு விடையைப் பாதியில் விட்டு, பத்துப் பக்கம் தள்ளி மீதியை எழுதியிருந்தால் அந்த மீதி விடுபட வாய்ப்பு மிக அதிகம். நாற்பது ஐம்பது தாள் திருத்திய பிறகு, இரவு ஒன்பது மணிக்கு, எந்தக் கண்ணும் தவறும். "தொடர்ச்சி 22ஆம் பக்கம்" என்று எழுதியிருந்தீர்களா என்று பாருங்கள். எழுதாவிட்டால் அடுத்த முறையிலிருந்து எழுதுங்கள்.

அடுத்தது கேள்வி எண். அண்ணா பல்கலைக்கழக முறையில் ஏ பகுதியில் பத்து இரண்டு மார்க் கேள்வி, பி பகுதியில் ஐந்து பதிமூன்று மார்க் கேள்வி, சி பகுதியில் ஒரு பதினைந்து மார்க் கேள்வி, ஆக 100. பி பகுதியில் ஒவ்வொன்றும் "அல்லது" வைத்து வரும். 13 ஆ எழுதிவிட்டு 13 அ என்று எண் போட்டிருந்தால், திருத்துபவர் வேறு கேள்விக்கான விடையாகப் பார்த்துச் சுழியம் போட்டிருக்கலாம். பதிமூன்று மார்க் கேள்வி இரண்டு துண்டாக வந்திருந்தால் இரண்டு துண்டுக்கும் மார்க் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு கூட்டல். உள்ளே போட்ட மார்க் எல்லாம் முன்பக்கக் கட்டங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறதா, கட்டங்களின் கூட்டுத்தொகை சரியா என்று ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். கூட்டல் பிழையைத் திருத்துவது எந்த ஆசிரியருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. காட்டியவுடன் திருத்துவோம்.

கணக்குக் கேள்விகளில் இன்னொன்று. முதல் படியில் ஒரு எண்ணைத் தவறாக எடுத்துக்கொண்டு, மீதி வழிமுறை முழுவதையும் சரியாகச் செய்திருந்தால் வழிமுறைக்கு மார்க் உண்டா என்பது விடைக்குறிப்பைப் பொறுத்தது. அதைப் பணிவாகக் கேட்கலாம். புத்தகத்தில் இருக்கும் வேறு முறையில் செய்து சரியான விடை வந்திருந்தால் புத்தகத்தையும் பக்க எண்ணையும் கொண்டுபோங்கள். "நான் நிறைய எழுதியிருக்கேன், மார்க் கம்மியா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை பக்கம் எழுதினோம் என்று பார்த்து யாரும் மார்க் போடுவதில்லை.

கடைசியில், எழுத்துத் தேர்வு தவிர மற்ற 40இல் என்ன நடந்தது என்று பாருங்கள். உண்மையான தவறுகள் அதிகம் ஒளிந்திருப்பது அங்கேதான். அசைன்மென்ட் கொடுத்திருப்பீர்கள், பதிவேட்டில் ஏறியிருக்காது. செமினார் எடுத்த அன்று ஆசிரியர் மாற்றுப் பணியில் போயிருப்பார், பொறுப்பு ஆசிரியர் குறித்த தாள் வந்து சேர்ந்திருக்காது. விளையாட்டுப் போட்டிக்கோ என்எஸ்எஸ் முகாமுக்கோ கல்லூரியே அனுப்பிய நாளில் நடந்த தேர்வுக்கு "ஆப்சென்ட்" விழுந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் கையில் ஒரு சான்று இருந்தால் போதும். சமர்ப்பித்த தேதி தெரியும் கூகுள் கிளாஸ்ரூம் பக்கம், கையெழுத்து வாங்கிய அனுமதிக் கடிதம், அது மாதிரி ஏதாவது.

இப்படிப் பார்த்து முடித்ததும் சுட்டிக்காட்ட உங்களிடம் ஒரு தவறு இருக்கும், அல்லது இருக்காது. எதுவும் கிடைக்கவில்லை, தாள் சரியாகத்தான் திருத்தப்பட்டிருக்கிறது என்றால் கேட்காமல் விடுவதே நல்லது. ஏன் என்று சொல்கிறேன். உங்கள் வகுப்பில் 70 வாங்கியவர் நீங்கள் மட்டும் இல்லை. வாய் திறக்காத இன்னும் மூன்று பேர் இருப்பார்கள். அவர்களுக்குக் கொடுக்காமல் உங்களுக்கு மட்டும் ஒன்று கூட்டிப்போட்டால் அந்த மூவருக்கும் செய்த துரோகம் அது. நான் அதைச் செய்ய மாட்டேன். எனக்குத் தெரிந்த நல்ல ஆசிரியர்கள் யாரும் செய்ய மாட்டார்கள்.

கேள்வித்தாளிலேயே பிழை, பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி என்றால் அது வகுப்புக்கே உரிய விஷயம். தனியாகப் போகாதீர்கள். மாணவர் பிரதிநிதிகளும் ஆசிரியர்களும் உட்காரும் வகுப்புக் குழுக் கூட்டம் செமஸ்டரில் சில முறை நடக்கும். அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஆசிரியர் ஒருவர் அதற்குத் தலைவராக இருப்பார். அதில் சொல்லுங்கள், குறிப்பேட்டில் ஏறட்டும். மார்க் கூடினால் எல்லோருக்கும் கூடும்.

எந்த நாள், எந்த நேரம்

தாள் கைக்கு வந்த இரண்டு மூன்று நாளுக்குள். அதற்கு மேல் போனால் தாள் கட்டு ஆவண அறைக்குப் போய்விடும், இன்டர்னல் போர்ட்டலில் ஏறிவிடும். மார்க் ஏற்றும் கடைசி நாள் எது என்று வகுப்பு ஆலோசகரிடம் முன்கூட்டியே கேட்டு நோட்டில் குறித்து வையுங்கள். ஏப்ரல் செமஸ்டரில் இது இன்னும் சிக்கல். பங்குனி நோம்பி, ஊரில் பொங்கல் வைப்பு, பண்ணாரி குண்டம் என்று பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் இன்டர்னல் பூட்டப்பட்டிருக்கும். போகும் முன் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

ஆசிரியர் வகுப்புக்குக் கிளம்பும் அவசரத்தில் வராந்தாவில் மறிக்க வேண்டாம். மாலையில் காலேஜ் பஸ் கிளம்பும் நேரமும் வேண்டாம். அதே பஸ்ஸில்தான் அவரும் போக வேண்டும். ஸ்டாஃப் ரூம் கதவில் நேர அட்டவணை ஒட்டியிருக்கும், அவருக்கு ஓய்வான பீரியடைப் பார்த்துப் போங்கள். தனியாகப் போங்கள். நண்பர்கள் நாலு பேர் பின்னால் நின்றால் அவர் உங்களுக்குச் சொல்லும் பதிலை நாலு பேருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பதில் எப்போதும் கறாராகத்தான் இருக்கும்.

என்ன பேசுவது

நம் பக்கத்துப் பேச்சில் மரியாதை தானாக வந்துவிடும், "ங்க" போட்டால் போதும். அதற்கு மேல் குழைய வேண்டியதில்லை. கெஞ்சவும் வேண்டாம். விஷயத்தை நேராகச் சொல்லுங்கள்.

"சார், இப்ப அஞ்சு நிமிஷம் நேரமிருக்குங்களா? ரெண்டாவது டெஸ்ட் பேப்பர் பத்திங்க."

"என்ன தம்பி, மார்க் கம்மியா?"

"இல்லீங்க சார், 13 ஆ கேள்வியோட மீதி 22ஆம் பக்கத்துல இருக்குதுங்க. அந்தப் பக்கத்துல குறி ஒண்ணும் காணமுங்க. ஒருக்கா பாத்துச் சொன்னீங்கன்னா தேவலீங்க."

இவ்வளவுதான். இதில் "கிரேடு", "பிளேஸ்மென்ட்" என்ற பேச்சே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் தாளை வாங்கிப் பார்ப்பார். மார்க் கூடினால் கூடும். கூடாவிட்டால் ஏன் என்று சொல்வார். அப்போது "சரிங்க சார், இந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்க இன்னும் என்ன எழுதியிருக்கோணுமுங்க?" என்று கேளுங்கள். அந்தப் பதில் செமஸ்டர் தேர்வுக்கு உதவும்.

ஒரு மார்க்கில் பெரிய விளைவு இருக்கிறதென்றால் அதைச் சொல்லக் கூடாதா? சொல்லலாம். ஆனால் கடைசியில், ஒரே வரியில், "இதுல பாஸானா அரியர் இல்லாம பிளேஸ்மென்ட்ல உக்காரலாமுங்க சார், அதனாலதான் வந்தேனுங்க" என்று. அதையே காரணமாக முதலில் வைத்தால் நீங்கள் தாளைப் பற்றிப் பேச வரவில்லை என்று அவருக்குத் தோன்றிவிடும்.

வீட்டில் உண்மையான கஷ்டம் இருந்தால் அது வேறு பேச்சு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ராத்திரி ஷிப்டுக்குப் போய்விட்டு வகுப்புக்கு வருகிறேன் என்றெல்லாம் இருந்தால் தயவுசெய்து செமஸ்டர் நடுவிலேயே வகுப்பு ஆலோசகரிடம் சொல்லுங்கள். மறுதேர்வு, கூடுதல் அவகாசம், வருகைப்பதிவுக்கு மருத்துவச் சான்று என்று அப்போது செய்ய நிறைய இருக்கிறது. ரிசல்ட்டுக்குப் பிறகு அதே கதையைக் கேட்கும்போது கண் கலங்கும், ஆனால் கை கட்டப்பட்டிருக்கும்.

எழுதிக் கேட்பது

நேரில் பேசத் தயக்கம் உள்ளவர்களும், ஆசிரியரை நேரில் பார்க்க முடியாதவர்களும் மின்னஞ்சல் அனுப்பலாம். கல்லூரி முகவரியிலிருந்து அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் இரவு பதினொரு மணிக்கு "சார் ப்ளீஸ்" என்று அனுப்புவதை விட்டுவிடுங்கள். துறையில் ஆங்கிலத்தில் எழுதுவதுதான் வழக்கம் என்றால் ஆங்கிலத்தில் எழுதுங்கள். விஷயம் இப்படி இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய மேடம், நான் மூன்றாமாண்டு மெக்கானிக்கல் பி பிரிவு மாணவன். நேற்று வகுப்பில் கொடுத்த இரண்டாவது தேர்வுத் தாளில் 13 ஆ கேள்விக்கான விடையை 9ஆம் பக்கத்தில் தொடங்கி 22ஆம் பக்கத்தில் முடித்திருக்கிறேன். 22ஆம் பக்கத்தில் திருத்திய குறி இல்லை. அந்தப் பக்கத்தையும் பார்த்து, மார்க்கில் மாற்றம் உண்டா என்று தெரிவிக்க வேண்டுகிறேன். நாளை மதியம் எங்களுக்கு லைப்ரரி பீரியட். அப்போது வரலாமா, அல்லது உங்களுக்கு எந்த நேரம் சரி என்று சொன்னால் வருகிறேன். நன்றி."

கீழே பெயர், பதிவெண். பதில் வராவிட்டால் இரண்டு வேலை நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். மார்க் பூட்டும் நாள் நெருங்கினால் காத்திருக்காமல் நேரில் போய்விடுங்கள்.

இதைச் செய்யாதீர்கள்

நம் பக்கம் நிறையக் கல்லூரிகள் அறக்கட்டளைகள் நடத்துபவை. ஊரில் யாரைக் கேட்டாலும் மாமன், மச்சான், அப்புச்சி ஊர்க்காரர் என்று அறங்காவலர் ஒருவரைத் தெரிந்த ஆள் கிடைத்துவிடுவார். அந்தப் போன் கால் வேண்டாம். மேலே இருந்து போன் வந்த பிறகு அந்த ஆசிரியரால் உங்கள் தாளை நேர்மையாகப் பார்க்கவே முடியாது. நியாயமாகக் கூடவேண்டிய மார்க்கைப் போட்டாலும் பயந்து போட்டதாகத்தான் பார்ப்பார்கள். "சாருக்கு எந்த ஊருங்க" என்று தொடங்கிச் சாதி சொந்தம் தேடுவது அதைவிட மோசம். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு அந்தச் சொந்தம் இல்லையே, அவன் என்ன செய்வான்?

தோட்டத்தில் விளைந்தது என்று தேங்காய் மூட்டையோ நாட்டுச்சர்க்கரையோ கொண்டுவருவது நம் மண்ணின் அன்பான பழக்கம்தான். எனக்கும் பிடிக்கும். ஆனால் மார்க் கேட்டு வரும் நாளில் அது லஞ்சம். பட்டம் வாங்கிய பிறகு கொண்டுவாருங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

அப்பா அம்மாவை அழைத்து வருவதையும் கடைசிவரை தள்ளிப்போடுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, மகன் வயதில் இருக்கும் ஆசிரியர் முன் கைகட்டி நிற்கும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வந்ததால் தாளில் எதுவும் மாறுவதில்லை. உங்கள் தாளைப் பற்றி உங்களைவிட நன்றாகப் பேச அவர்களால் முடியாது.

அவர் முடியாது என்றால்

தாளைப் பார்த்துவிட்டு முடியாது என்று காரணம் சொன்னால் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. பார்க்கவே மறுத்தால், அல்லது சான்று இருந்தும் "ஆப்சென்ட்"டை மாற்றவில்லை என்றால் அடுத்த படி வகுப்பு ஆலோசகர், பிறகு துறைத்தலைவர். "உங்ககிட்ட பேசினதுக்கு அப்புறம் எச்ஓடி சாரையும் பாக்கலாம்னு இருக்கேனுங்க" என்று அந்த ஆசிரியரிடமே சொல்லிவிட்டுப் போங்கள். முதுகுக்குப் பின்னால் போனதாக ஆகாது. துறைத்தலைவருக்குப் போகும்போது எழுத்தில் போங்கள், சான்றுகளின் நகலை இணையுங்கள். ஆசிரியரைப் பற்றி ஒரு குறையும் எழுத வேண்டாம், நடந்ததை மட்டும் தேதியோடு எழுதுங்கள்.

செமஸ்டர் தாளுக்கு என்று உள்ள வழி

முதலில் சொன்ன அந்த உதவி இதுதான். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் ரிசல்ட் வந்ததும் விடைத்தாளின் போட்டோகாப்பிக்கு விண்ணப்பிக்கலாம். கல்லூரி வழியாக, கட்டணம் கட்டி, அறிவித்த தேதிக்குள். போட்டோகாப்பி வாங்காமல் நேராக ரீவேல்யூவேஷனுக்குப் போக முடியாது. காப்பி வந்ததும், விதிப்படி, அந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியர் அதைத் திருத்திப் பார்த்து, கேள்வி வாரியாக மார்க் போட்டு, ரீவேல்யூவேஷனுக்குப் பரிந்துரைக்க வேண்டும். உங்கள் ஆசிரியரின் ஒரு மணி நேரத்தை நீங்கள் முழு உரிமையோடு கேட்கக்கூடிய இடம் இது. "ஒரு மார்க் போடுங்க" என்று கேட்க வேண்டியதே இல்லை. "மேடம், காப்பி வந்துருச்சுங்க, பாத்துட்டு ரீவேல் போடலாமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லோணும்" என்று கேளுங்கள்.

அவர் "வேண்டாம், சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்" என்றால் நம்புங்கள். ரீவேல் கட்டணம் மிச்சம். "பதினைந்து மார்க் கேள்வியில் ஆறு குறைவாக இருக்கிறது" என்றால் உடனே போடுங்கள். காப்பி வந்ததற்கும் ரீவேலுக்குக் கடைசி நாளுக்கும் நடுவில் மிகக் குறைந்த நாட்களே இருக்கும். கட்டணம் கட்டப் பணமில்லை என்றால் வெட்கப்படாமல் வகுப்பு ஆலோசகரிடம் சொல்லுங்கள். நல்ல மாணவர் ஒருவரின் ரீவேல் கட்டணத்தைக் கையிலிருந்து கட்டும் ஆசிரியர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

ரீவேலிலும் திருப்தி இல்லை என்றால் ரிவ்யூ என்று இன்னொரு படி உண்டு. செய்முறைத் தேர்வுக்கும் புராஜெக்ட்டுக்கும் ரீவேல் கிடையாது. அதனால் அவற்றில் மார்க் போடும் நாளுக்கு முன்பே ரெக்கார்டு, வருகை, வைவா எல்லாவற்றையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். தன்னாட்சிக் கல்லூரிகளிலும் இதே மாதிரி தாள் பார்க்கும் நாள், மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று ஏற்பாடுகள் இருக்கும். அறிவிப்புப் பலகையில் இரண்டு நாள் மட்டும் தொங்கிவிட்டுப் போய்விடும், கண்ணில் வைத்திருங்கள். மறுமதிப்பீட்டில் மார்க் குறைந்தால் எது எடுத்துக்கொள்ளப்படும் என்று விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் படித்துக்கொள்ளுங்கள்.

அரசு நிறுவனங்களிலோ பல்கலைக்கழகத்திலோ தாளைக் காட்டவே மறுக்கும் நிலை வந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. திருத்திய தன் விடைத்தாளைப் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு என்று சிபிஎஸ்இ, ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பார்க்கும் உரிமைதான் அது, மறுபடி திருத்தச் சொல்லும் உரிமை அதற்குள் வராது. ஆனால் பார்த்தாலே பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும்.

மார்க் மாறினால்

ஆசிரியர் "மாத்திட்டேன் தம்பி" என்று சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். தாளில் மாறியது பதிவேட்டிலும், பதிவேட்டில் மாறியது போர்ட்டலிலும் ஏற வேண்டும். இரண்டு நாள் கழித்துப் போர்ட்டலைத் திறந்து பாருங்கள், ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ரீவேலில் கிரேடு மாறியிருந்தால் புதிய கிரேடு ஷீட்டில் அது வந்திருக்கிறதா, சிஜிபிஏ மறுபடி கணக்கிடப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். பழையதே வந்திருந்தால் ரீவேல் ரிசல்ட்டின் நகலோடு தேர்வுப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் பழைய பட்டியல்தான் இருக்கும். அங்கும் போய்ப் புது மார்க்கை ஏற்றச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தானாகப் போய்ச் சேராது.